பழைய பியானோவைக் காயலான் கடைக்கு அனுப்புவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளிவந்த, வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பழம்பொருள்களைக் கழிப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஓடாத சுவர்க்கடிகாரம், உடைந்த தையல் இயந்திரம் என்ற வரிசையில் பியானோவையும் சேர்த்து, அதைப் பழுதுபார்க்கச் சென்னையில் ஆள் கிடைக்காது என்றும், மரத்தையும் இரும்பையும் பிரித்து எடைக்குப் போட்டுவிடுவதே நல்லது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். ஆள் கிடைப்பது அரிது என்பது உண்மைதான். அதற்காக எடைக்குப் போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டுப் பியானோவையும் இதே காரணத்தைச் சொல்லி இரண்டு முறை காயலான் கடைக்கு அனுப்பப் பார்த்தோம். இன்று அதில் என் பேத்தி பயிற்சி செய்துகொண்டிருக்கிறாள். பக்கத்து அறையில் அமர்ந்து நான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பெரம்பூரில் இருக்கிறது. என் அப்பா ரயில்வே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். 1960-களின் பிற்பகுதியில் இப்பகுதியின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது, எங்கள் தெருவிலிருந்த ஒரு குடும்பத்தார், கப்பலில் கொண்டுபோக முடியாத தங்கள் பியானோவை அப்பாவிடம் விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எட்டுப் பேர் சேர்ந்து அதைக் கைவண்டியில் ஏற்றி, நான்கு வீடு தள்ளிக் கொண்டுவந்து இறக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லண்டனில் செய்யப்பட்ட, சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோ அது. உள்ளே பொறித்திருக்கும் வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் 1926-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அம்மா ஒவ்வொரு மாலையும் குடும்ப ஜெபத்தின்போது அதில்தான் பாமாலைப் பாடல்களை வாசிப்பார்.

அம்மா காலத்தில், பியானோவின் கீழ்ப்பலகைக்குப் பின்னால் 15 வாட் குண்டு பல்பு ஒன்று இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். பியானோவை விற்ற வீட்டம்மா, மழைக்காலத்தில் இந்த விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காரணத்தை நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பூச்சி அண்டாமலிருக்க வைத்ததாக நினைத்துக்கொண்டோம். 2013 வாக்கில் வீட்டு விளக்குகளையெல்லாம் எல்.இ.டி.க்கு மாற்றியபோது, மின்பணியாளர் அந்தக் குண்டு பல்பையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பை மாட்டினார். மின்சாரம் மிச்சமாகிறதென்று நானும் மகிழ்ந்தேன். எங்கள் பியானோவுக்கு நோய் பிடித்தது அந்த நாளிலிருந்துதான் என்பதை அறிந்துகொள்ளப் பத்து ஆண்டுகள் ஆயின.

அந்தக் குண்டு பல்பை வைத்தது அதன் சூட்டுக்காக. 1700-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி என்பவர் உருவாக்கிய இக்கருவி, வங்கக் கடலோரத்து ஈரக்காற்றை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. பியானோ செய்பவர்கள், அது நிற்கும் அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். நமக்கோ ஐப்பசி, கார்த்திகையில் அது 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். 30 டிகிரி வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 33 டிகிரிக்குச் சூடேற்றினால், அதிலுள்ள நீராவி அதேயளவில் இருக்க, ஈரப்பதம் மட்டும் ஏறத்தாழ 67 விழுக்காடாகக் குறையும். பியானோவின் வயிற்றுக்குள் அந்தச் சிறிய பல்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் செய்துவந்த வேலை இதுவே. எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தைத் தந்தது, சூட்டைத் தரவில்லை. முதல் மழைக்காலத்திலேயே நான்கைந்து கட்டைகள் அமுக்கினால் எழும்பாமல் அப்படியே படுத்துக்கொண்டன. மறு ஆண்டு கம்பிகளில் துருவின் செம்மை தெரிந்தது. அதன் பிறகு 2015 டிசம்பர்ப் பெருமழையில் எங்கள் கூடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பெடல்களும் அவற்றைத் தாங்கும் அடிப்பலகையும் நீரில் ஊறின.

இதைவிடப் பெரிய கேடு மனிதர் கையால் வந்தது. வெள்ளம் வடிந்த மறு ஆண்டு, தெரிந்தவர் ஒருவர் சொன்னதன் பேரில் ஒரு பழுதுபார்ப்பவரை அழைத்தோம். அவர் பெயரை எழுதுவது என் நோக்கமன்று. அவரைக் குறை சொல்வதும் இக்கடிதத்தின் நோக்கமன்று. கம்பிகளின் நுனி சுற்றப்பட்டிருக்கும் ஆணிகளைத் திருப்பிப் பார்த்த அவர், துருவேறி இறுகிவிட்டன என்று சொல்லி, நடுப்பகுதியில் இருந்த ஏறக்குறைய நாற்பது ஆணிகளின் அடியில் தையல் இயந்திர எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஆணிகள் சுலபமாகத் திரும்பின. சுருதியும் சேர்த்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழிந்து பார்த்தால் நடு ஸ்தாயி முழுவதும் இறங்கியிருந்தது. ஒரு மாதத்தில், ஒரே கட்டையை அழுத்தினால் மூன்று வேறு சுரங்கள் ஒன்றோடொன்று சண்டையிடுவதுபோல் கேட்டது.

வீணையோ வயலினோ வைத்திருக்கும் எவருக்கும் இது ஏன் நேர்ந்தது என்று உடனே விளங்கும். தந்தியை முறுக்கும் பிரடை வழுக்கினால் அதில் சாக்குக்கட்டியைத் தேய்ப்போம், எண்ணெய் விடமாட்டோம். பியானோவின் ஆணிக்கும் இதே நியாயம்தான். பல அடுக்குக் கடின மரத்தை ஒட்டிச் செய்த ஒரு பலகையில் துளையிட்டு, அந்த ஆணியை இறுக்கமாக அடித்து இறக்கியிருப்பார்கள். வேறு பூட்டோ திருகு மரையோ கிடையாது. மரம் பிடித்துக்கொள்ளும் பிடிதான் எல்லாம். ஒரு பியானோவில் ஏறத்தாழ 230 கம்பிகள். அனைத்தும் சேர்ந்து இழுக்கும் விசை 15 முதல் 20 டன் வரை இருக்கும். அந்த இழுப்பை எதிர்த்து நிற்கும் மரத்துளைக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால் அதை மீண்டும் வெளியே எடுப்பது கிட்டத்தட்ட இயலாத காரியம்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகள் பியானோ மூடியே கிடந்தது. அதன்மேல் துணி விரித்துக் குடும்பப் படங்களை அடுக்கியிருந்தோம். பேத்தி பியானோ கற்க ஆரம்பித்தபோது, புதிய மின்னணு விசைப்பலகை வாங்கினால் பழையதை எடுத்துக்கொள்வதாக ஒரு கடையில் சொன்னார்கள். அதற்கு அவர்கள் கொடுக்க முன்வந்த தொகை, அதைத் தூக்கிச் செல்ல ஆகும் கூலிக்குக்கூடக் காணாது. அப்போதுதான் திருச்சபையில் ஒருவர் மூலமாக, தொழிலை விட்டு வீட்டில் ஓய்வாக இருந்த பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு முதிய டியூனரைப் பற்றி அறிந்தோம். எழுபது வயதைக் கடந்தவர். தோல் பையும் கையுமாக மாநகரப் பேருந்தில் வந்து இறங்கினார். மேல்மூடியைத் திறந்து, சுட்டுவிரலால் ஓர் ஆணியின் அடியைத் தடவி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "டீச்சர், இதில் எண்ணெய் விட்டது யார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "சரி, அது நடந்துவிட்டது. மற்றதைப் பார்ப்போம்" என்று சொல்லி டார்ச்சை எடுத்தார்.

அன்று அவர் பார்த்த முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்; பழைய பியானோ வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் அதைக் கழிக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். முதலில் அவர் பார்த்தது வார்ப்பிரும்புச் சட்டத்தை. கம்பிகளின் இழுப்பு முழுவதையும் தாங்குவது அதுதான். அது விரிசல் விட்டிருந்தால் அந்தப் பியானோவை விட்டுவிட வேண்டியதுதான் என்றார். எங்களுடையதில் விரிசல் இல்லை. அடுத்து, பின்பக்கம் போய் ஒலிப்பலகையைப் பார்த்தார். ஸ்ப்ரூஸ் மரத்தாலான அந்தப் பெரிய மெல்லிய பலகைதான் கம்பியின் அதிர்வை வாங்கி அறை முழுக்கப் பரப்புகிறது. அதில் இரண்டு நீள விரிசல்கள் இருந்தன. எனக்கு நெஞ்சு பதறியது. அவரோ, விரிசல் விழுந்தாலே ஒலிப்பலகை போயிற்று என்று சொல்வது தவறு, பின்னால் ஒட்டியிருக்கும் குறுக்குச் சட்டங்கள் பிடி விடாமலும், வாசிக்கும்போது சடசடவென்ற இரைச்சல் எழாமலும் இருந்தால் விரிசலோடேயே இன்னும் பல ஆண்டுகள் பேசும் என்று சொல்லி, சட்டங்களை ஒவ்வொன்றாக விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். கடைசியாக ஆணிப்பலகை. தன் சாவியை ஒவ்வோர் ஆணியிலும் மாட்டி மெல்லத் திருப்பி, கையில் தெரியும் இறுக்கத்தைக் கொண்டே நல்லது, சுமார், கெட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். இந்த மூன்றும் தேறிவிட்டால், மற்ற எந்தப் பாகமானாலும் மாற்றக்கூடியது, ஒட்டக்கூடியது, தைக்கக்கூடியது என்பது அவருடைய கணக்கு.

எல்லாப் பழைய பியானோக்களும் காப்பாற்றத் தகுந்தவை என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். பழைய ஆங்கிலப் பியானோக்களில் ஒரு வகை உண்டு. கம்பிகள் ஒன்றையொன்று கடக்காமல் நேராக இறங்கும். அதிர்வை நிறுத்தும் கம்பளித் திண்டுகள் சுத்தியல்களுக்கு மேலே இருக்க, அவற்றை இயக்கும் கம்பிகள் முன்புறம் பறவைக் கூண்டுபோல் வரிசையாக நிற்கும். அத்தகையதைச் சீராக்கச் செலவு மிகுதி, கிடைக்கும் பயன் குறைவு. எங்களுடையதில் தாழ் ஸ்தாயிக் கம்பிகள் குறுக்கே சாய்ந்து மற்றவற்றின் மேலாகச் செல்கின்றன. திண்டுகளும் சுத்தியலுக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகவே செய்யலாம் என்றார். திறந்து பார்த்து அடையாளம் காண இதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக்கூடச் செலவிடாமல் எத்தனை நல்ல கருவிகளை நாம் எடைக்குப் போட்டிருப்போமோ என்று நினைக்கவே வருத்தமாக இருக்கிறது.

வேலை நான்கு மாதம் நடந்தது. கீழ்ப்பலகையைக் கழற்றியபோது உள்ளே எலி கட்டிய கூடு இருந்தது. சிவப்பும் பச்சையுமான ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளித் துணி) துணுக்குகளால் ஆன அந்தக் கூட்டுக்கு நடுவே ஒரு சதுர ஐந்து பைசாக் காசும் அம்மாவின் கொண்டை ஊசி ஒன்றும் கிடந்தன. சுத்தியல்களும் அவற்றை உந்தும் நெம்புகளும் அடங்கிய இயந்திரப் பகுதி முழுவதையும், சில திருகுகளைத் தளர்த்தினாலே ஒரே சட்டமாகத் தூக்கி எடுத்துவிடலாம் என்பதை அன்றுதான் பார்த்தேன். அது எங்கள் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தது. 88 சுத்தியல், ஒவ்வொன்றின் முகத்திலும் கம்பி பட்டுப் பட்டு ஆழ்ந்த தடங்கள், ஓரங்களில் அந்துப்பூச்சி அரித்த குழிகள். டியூனர் உப்புத்தாளைச் சிறு குச்சியில் ஒட்டி, வெங்காயத்தை உரிப்பதுபோல் ஃபெல்ட்டை ஏடு ஏடாக உரித்து முகத்தைச் செப்பனிட்டார். ஒவ்வொரு நெம்பும் ஆடும் மூட்டில் முள்போன்ற மெல்லிய ஊசி இருக்கிறது; அது துருப்பிடித்ததாலும் அதைச் சுற்றிய ஃபெல்ட் ஈரத்தில் உப்பியதாலும்தான் கட்டைகள் படுத்துவிட்டிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட ஊசிகளை மாற்ற வேண்டியிருந்தது.

சுத்தியல் அடித்துவிட்டுச் சட்டென்று பின்வாங்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நாடா உண்டு. எங்களுடையதில் அவை நைந்து, தொட்டாலே தூளாயின. பருத்தி நாடாவை அளவாக வெட்டி, என் பழைய கைப்பையின் தோலிலிருந்து நுனிகளைக் கத்தரித்து ஒட்டி, துளையிட்டு, 88 நாடாக்களையும் நானே செய்து கொடுத்தேன். மூன்று நாள் பிடித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திய எனக்கு, கையால் ஒன்றைச் செய்து அது பயன்படுவதைப் பார்ப்பதில் இவ்வளவு நிறைவு இருக்கும் என்று தெரியாது.

பசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய பியானோக்கள் நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் விலங்குப் பசையால் ஒட்டப்பட்டவை. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது இளகிவிடும்; அதனால்தான் வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய பியானோக்களில் பசையோடு பித்தளைத் திருகுகளையும் போட்டு அனுப்பினார்கள். எங்களுடையதிலும் அத்திருகுகள் இருந்தன. வெள்ளத்தில் பசை விட்ட இடங்களில் பலகைகள் சாயாமல் தாங்கியவை அவைதாம். வஜ்ஜிரத்தின் அந்தக் குறையே அதன் குணமும் ஆகும். நாளை ஒருவர் பழுதுபார்க்கும்போது சிறிது வெந்நீரும் சூடும் கொடுத்தால் மூட்டு சேதமில்லாமல் பிரிந்துவரும். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் வலுவான பசைகளால் ஒட்டிவிட்டாலோ, அடுத்த முறை மரத்தை உடைத்துத்தான் பிரிக்க வேண்டும். எங்கள் டியூனர் சிறு பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வஜ்ஜிரம் காய்ச்சினார். வீடு முழுவதும் அந்த வாடை இரண்டு நாள் இருந்தது.

சுருதி அரைக் கட்டை இறங்கியிருந்தது. அதாவது ‘ஆறு கட்டை’ எனப்படும் சுரத்தை (மேற்கத்திய இசையில் A) அழுத்தினால் ‘ஐந்தரைக் கட்டை’ பேசியது. ஆறு கட்டைக்குரிய அதிர்வு நொடிக்கு 440 என்று 1939-இல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் உலகெங்கும் அதுதான் அளவு. எங்கள் பியானோ செய்யப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் வழக்கிலிருந்த அளவு 439 என்பதால், 440-க்கு ஏற்றுவதில் அதன் உடலுக்குத் தீங்கில்லை என்றார் டியூனர். ஆனால் ஒரே நாளில் ஏற்ற மறுத்துவிட்டார். அரைக் கட்டை ஏற்றினால் கம்பிகளின் இழுவிசை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடும். 16 டன் இழுக்கும் பியானோவில் அது இரண்டு டன். துருப்பிடித்த கம்பிமேல் திடீரென அந்தச் சுமையை ஏற்றக் கூடாது என்று, மூன்று வார இடைவெளிகளில் மூன்று தடவையாக ஏற்றினார். அப்படியும் இரண்டு கம்பிகள் அறுந்தன. எண்ணெய் விட்ட ஆணிகளைக் கழற்றி, துளைகளைத் துடைத்து உலரவிட்டு, ஒரு சுற்றுப் பெரிய ஆணிகளை அடித்தார். நாற்பதில் முப்பத்தேழு பிடித்துக்கொண்டன. மூன்று மட்டும் இன்றுவரை மாதத்துக்கொரு முறை இறங்குகின்றன.

சுருதி சேர்த்த கடைசி நாள் மாலையை மறக்க முடியாது. நடு ஸ்தாயியில் ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். நீளச் சிவப்பு ஃபெல்ட் பட்டையைக் கம்பிகளுக்கிடையே செருகி ஓரக் கம்பிகளை வாயடைத்துவிட்டு, நடுக் கம்பியை முதலில் நிறுத்தினார். பிறகு பட்டையை உருவி, அடுத்த கம்பியை அதனோடு சேர்த்து ஒலிக்கவிட்டார். "காதைக் கொடுத்துக் கேளுங்கள் டீச்சர், அலை கேட்கும்" என்றார். கேட்டது. ஒன்று 440, மற்றொன்று 437 என்றால் நொடிக்கு மூன்று முறை ஒலி எழுந்து தாழும். அவர் சாவியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு திருப்பத் திருப்ப, அந்த அலை மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, நீண்டு, பின் அடங்கியது. இரண்டு கம்பிகள் என்று சொல்ல முடியாதபடி ஒரே குரல் நின்றது. என் பேத்தி பேச்சு மூச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செலவு ஒரு நல்ல குளிர்பதனப் பெட்டியின் விலையளவு ஆயிற்று. அதே தொகைக்கு இந்த ஒலியுள்ள புதிய பியானோவைச் சென்னையில் எங்கும் வாங்க முடியாது.

பழுதுபார்த்ததோடு கடமை தீர்ந்துவிடாது. இப்போது உள்ளே பல்புக்குப் பதிலாக, அதே வேலைக்கென்று செய்யப்பட்ட குறைந்த வாட் சூடேற்றும் குழாய் பொருத்தியிருக்கிறோம். பல்பையே வைப்பவர்கள் அது மரத்தையும் ஃபெல்ட்டையும் தொடாமல் பீங்கான் ஹோல்டரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும். மழைநீர் அடிக்கும் வெளிச்சுவரை விட்டு, உட்சுவரோரம் ஒரு சாண் இடைவெளியில் பியானோவை நகர்த்தினோம். பலரும் செய்யும் ஒரு தவறு, ஏ.சி. அறையில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பது. இரவில் எட்டு மணி நேரம் ஓடி, பகலெல்லாம் அணைந்திருக்கும் ஏ.சி., மரத்தை நாள்தோறும் காயவைத்து மீண்டும் ஊறவைக்கிறது. ஒரே சீராக 65 விழுக்காட்டில் இருக்கும் அறையைவிட, 50-க்கும் 80-க்கும் இடையே தினமும் ஊசலாடும் அறை பியானோவுக்குக் கொடியது. வருடத்துக்கு இரண்டு முறை, தை மாதத்தில் ஈரம் வடிந்த பின்பும், வெயில் தணிந்து ஆடியிலும், சுருதி சேர்த்துக்கொள்வது நம் ஊருக்குப் பொருந்துகிறது.

இனி இக்கடிதத்தின் முதன்மையான வேண்டுகோளுக்கு வருகிறேன். எங்கள் பியானோவில் எண்ணெய் விட்டவர் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. இறுகிய திருகுக்கு எண்ணெய் விட வேண்டும் என்ற பொது அறிவோடு செய்தார். இது திருகு அல்ல என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க இந்த நகரத்தில் ஓர் இடமும் அவருக்குக் கிடைக்கவில்லை. மிருதங்கத்துக்கு மூட்டு மாற்றவும் வார் பிடிக்கவும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த குடும்பங்கள் சென்னையில் இருக்கின்றன. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இலும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அவற்றைச் செய்யும் கைகளை நாடு மதிக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. பியானோவும் இந்த நகரத்துக்கு நேற்று வந்த விருந்தாளி அன்று. மிஸ்க்வித் என்பவர் 1842-இல் தொடங்கிய இசைக்கருவிக் கடை, மியூசி மியூசிக்கல் என்ற பெயரில் அண்ணா சாலையில் இன்றும் நடக்கிறது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்ற பாடற்குழு 1893 முதல் பாடிவருகிறது. இளையராஜா இந்த நகரத்தில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். 2008-இல் ஏ.ஆர். ரகுமான் ஓர் இசைக் கல்லூரியையே நிறுவினார். ஆண்டுதோறும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளுக்குப் பிள்ளைகள் தயாராகிக்கொண்டே இருக்கிறார்கள். வாசிக்கக் கற்றுக்கொடுக்க இத்தனை வாசல்கள் திறந்திருக்கும் ஊரில், வாசிக்கப்படும் கருவியைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்க ஒரு வாசலும் திறக்கப்படாதது நியாயமாகப் படவில்லை.

பசுமைவழிச் சாலையில் நம் மாநில அரசின் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிண்டியில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மரவேலையும் உலோகவேலையும் ஓரளவு தெரிந்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, இவ்விரண்டும் சேர்ந்து ஓராண்டுப் பயிற்சி ஒன்றை நடத்தினால், அதற்குப் பெரிய கட்டடமோ விலையுயர்ந்த இயந்திரமோ தேவைப்படாது. பழகுவதற்குப் பியானோவும் வேண்டும். பழைய பள்ளிகளிலும் தேவாலய மண்டபங்களிலும் உறை போர்த்திக் கிடப்பவற்றைக் கேட்டாலே கொடுப்பார்கள். காது பழகப் பல மாதம் பிடிக்கும். கை பழக அதைவிட அதிகம். எங்கள் டியூனரைப்போல் ஓய்ந்து வீட்டிலிருக்கும் மூத்தவர்கள் இருக்கும்போதே இது தொடங்க வேண்டும். தமக்குப் பின் சாவியைப் பிடிக்க ஆளில்லை என்று அவர் என்னிடம் ஒருமுறை சொன்னார். அவர் மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறார். அதைக் குறையாக அவர் சொல்லவில்லை. தகுதியான மதிப்பூதியமும் ஒரு நாற்காலியும் கொடுத்து அழைத்தால் வந்து கற்றுக்கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

தாங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. எதைக் கழிக்கலாம் என்று எழுதிய அதே இணைப்பில், எதை யார் பழுதுபார்க்கிறார்கள் என்றும் வாரம் ஒரு கைத்தொழிலாளரைப் பற்றி வெளியிட்டால், ஆர்மோனியப் பெட்டி செப்பனிடுபவர், வயலின் வில்லுக்கு முடி கட்டுபவர், சுவர்க்கடிகாரம் ஓடவைப்பவர் என இந்நகரத்தில் தேடினால் கிடைக்கக்கூடியவர்களை வாசகர்கள் அறிந்துகொள்வார்கள். கட்டுரையாளர் குறிப்பிட்ட தையல் இயந்திரத்துக்கும் ஆள் இருக்கிறார். பெரம்பூர் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறார்.

பயிற்சி தொடங்கும் வரை காத்திருக்க விரும்பாமல் சாவி பிடித்துப் பழக ஆசைப்படும் இளைஞர் எவரேனும் இருந்தால், தங்கள் அலுவலகம் வழியாக எனக்குக் கடிதம் எழுதட்டும். இறங்கிக்கொண்டே இருக்கும் அந்த மூன்று கம்பிகளைச் சேர்க்க ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை மாலை டியூனர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க இடமிருக்கிறது, காபியும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.